ரிங்கல்தௌபேயா, மீடா? தென் திருவிதாங்கூர் மிஷனின் இரு முன்னோடிகள்

தமிழக, கேரள எல்லையான களியக்காவிளையின் இருபுறமும் வாழும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர், 1959இல் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரு பேராயங்களாகப் பிரிந்த பின்னரும், லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரி அமைப்பாகிய ஒரே வேரைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். அந்த வேரை ஊன்றியவர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபேயா, சார்லஸ் மீடா என்று ஒப்பிட்டால், காலவரிசை தரும் விடையும் பணியின் ஆழம் தரும் விடையும் வேறுபடுகின்றன.

பிரஷ்ய நாட்டு லுத்தரனான ரிங்கல்தௌபே, ஜெர்மனியின் ஹாலேயில் கற்று, 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். அவரை அழைத்துவந்தது மயிலாடி மகாராசன் வேதமாணிக்கத்தின் வேண்டுகோள். எனவே 'முதல்வர்' பட்டத்தில் பாதியாவது வேதமாணிக்கத்திற்கே உரியது. 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. தலைவரியும், ஊழியம் எனப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலையும் நீங்கும் என்ற நம்பிக்கையில் வருகிறவர்களைக் கண்டு ஐயுற்ற ரிங்கல்தௌபே, ஞானஸ்நானம் கொடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை காட்டினார். தமக்கென எதையும் சேர்த்துவைக்காத துறவி அவர். 1816இல் பணியை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். எங்கே, எப்படி இறந்தார் என்பது இன்றும் தெரியாது.

அடுத்து வந்த மீட், முற்றிலும் வேறு வார்ப்பு. ஆங்கிலேயரின் அரசப் பிரதிநிதியான ரெசிடெண்ட் மன்றோவின் ஆதரவு, நிலம் வாங்க ராணி கௌரி பார்வதி பாய் அளித்த 5,000 ரூபாய், 1818இல் நாகர்கோவிலில் கிடைத்த நீதிபதிப் பதவி ஆகியவற்றை அவர் தயக்கமின்றி ஏற்றார். அக்காலத்தில் மக்கள் திரளாகச் சபைக்கு வந்ததற்கு அந்தப் பதவியின் நிழலும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ரிங்கல்தௌபே உயிரோடு அருகில் இருந்திருந்தால் கண்டித்திருப்பார். மீட் ஏறத்தாழ ஓராண்டில் பதவியை விட்டார். ஆனால் செமினரியும் அச்சகமும், 1828 முதல் அவர் மையமாகக் கொண்ட நெய்யூரும் நிலைத்தன. தோள்சீலைக் கலவரம் மூண்ட 1820களில், மேலாடை அணிந்ததற்காகத் தாக்கப்பட்ட பெண்களுக்காக அவர் அரசிடம் முறையிட்டார். உரிமை, அதுவும் நிபந்தனைகளோடு, 1859 அரசாணையில்தான் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தனிவாழ்வின் தூய்மை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் ரிங்கல்தௌபே மேலோங்குவார். எனினும் என் தேர்வு மீட்தான். அமைப்புகளை உருவாக்கியது மட்டும் அதற்குக் காரணமன்று. மனைவியரை இழந்திருந்த மீட், 1852இல், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த தமிழ்ப் பெண்ணான லோயிஸ் பிடல்ஃபை மணந்தார். வயது வித்தியாசமும் பெரிதுதான். ஆனாலும் சாதி பாராட்டலாகாது என்று போதித்த மிஷனின் வெள்ளையர் வட்டத்திலேயே அது பொறுக்கமாட்டாத செயலாயிற்று. மீட் மிஷனை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராகப் பணியாற்றி, 1873இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். தாம் பிறருக்குச் சொன்னதைத் தம் வீட்டு வாசலுக்குள்ளும் அனுமதித்து, அதற்குரிய விலையைத் தாமே செலுத்தியவர் என்பதாலேயே அவரை முன்வைக்கிறேன்.