ஐந்து நாள் முன்னதாகக் காற்றை அறிய: கோப்பர்நிகஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை

என் தாயாருக்கு மூச்சிரைப்பு நோய் இருப்பதால், மார்கழி பிறந்துவிட்டால் விடிகாலையில் அவர் வாசல் தெளித்துக் கோலமிடலாமா என்பதே கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டின் முதல் கேள்வியாகிவிடும். அதற்கு விடை தேடித்தான், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிகஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையை இரண்டு குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணம் எதுவும் இல்லை.

2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள், நாள்தோறும் பிற்பகல் ஒன்றரை மணியளவில் நம் வானைக் கடந்து, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் முதலியவற்றை அளக்கிறது. இதுபோன்ற பல செயற்கைக்கோள்களின் அளவீடுகளை, காற்றின் போக்கையும் வேதிவினைகளையும் மழை தூசியைக் கழுவி இறக்குவதையும் கணக்கிடும் கணினி மாதிரியுடன் இணைத்து, நாளுக்கு இருமுறை, அடுத்த 5 நாள்களுக்கான உலகளாவிய கணிப்பை வெளியிடுகிறார்கள்.

நான் பார்ப்பது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் படத்தை மட்டுமே. ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவோ 15. கணிப்பு 60-ஐ நெருங்கும் நாள்களை அடுப்படிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுவிடுவேன். அந்த நாள்களில் அம்மா வெயில் ஏறிய பிறகே வாசலுக்கு வருகிறார். கோலமாவுக் கிண்ணம் அதுவரை திண்ணையிலேயே காத்திருக்கும். வடகிழக்குக் காற்றோடு தொலைவிலிருந்து புகைமூட்டம் நகர்ந்து வருவதை முன்கூட்டியே காட்டுவதில்தான் இதன் பெருமதிப்பு இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் எல்லையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உலகக் கணிப்பின் ஒரு கட்டம் ஏறத்தாழ 40 கி.மீ. அகலம் கொண்டது, கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் உள்ள தூரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே கிரானைட் குவாரித் தூசியும், நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் புகையும், போகி விடியலில் தெருமுனையில் எரியும் பழைய பாயும் இதில் தனித்துத் தெரியா. மேலும், செயற்கைக்கோள் பார்ப்பது தரையிலிருந்து மேலே உள்ள முழுக் காற்றுத் தூணை. அதில் நம் மூக்கின் உயரத்தில் எவ்வளவு என்பதை மாதிரிதான் பிரித்துச் சொல்கிறது. மேகம் மூடினால் பல அளவீடுகள் கிடைப்பதே இல்லை. எனவே தெருக்காற்றை அறிய, தரையில் வைத்த கருவியின் அளவீட்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

தமிழில் இச்சேவை இல்லாதது எனக்கு உண்மையான வருத்தம். என் தாயாரே படித்துக்கொள்ளும் நிலை வர வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் ஒரு வாரம் நுண்துகள் படத்தை மட்டும் பார்த்துப் பழகுங்கள். படத்தில் உள்ளது உலகப் பொது நேரம். அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள மறவாதீர்கள்.