சிகிச்சைக் கூடமா, செவிலியர் இல்லமா: முதியவருக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது

இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த முதியவரை மருத்துவமனை அதிக நாள் வைத்துக்கொள்வதில்லை. காயம் ஆறத் தொடங்கி, காய்ச்சல் இல்லை என்றானதும், அடுத்து எங்கே அழைத்துச் செல்லப் போகிறீர்கள் என்று கேட்டுவிடுகிறார்கள். அதற்குப் பொதுவாக நான்கு விடைகள் உண்டு: மருத்துவமனையோடு இணைந்த தீவிர மறுவாழ்வுப் பிரிவு, தனியாக இயங்கும் பெரிய மறுவாழ்வு மையம், பிசியோதெரபி வசதியும் உள்ள செவிலியர் பராமரிப்பு இல்லம், வீடு. எங்கள் பெரியம்மாவுக்காக இந்த நான்கையும் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன் என்பதால், இது நடுநிலையான அலசல் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உடனே விலக்கிய இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீவிர மறுவாழ்வுப் பிரிவு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம், வாரத்தில் 5 நாட்களாவது பயிற்சியைத் தாங்கக்கூடியவர்களுக்கானது. பெரியம்மாவால் அப்போது அரை மணி நேரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை. அறுவை மருத்துவரும் அதைப் பரிந்துரைக்கவில்லை. வீட்டைப் பொறுத்தவரை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்கே இரண்டு பேர் தேவைப்படும் ஒருவருக்கு, இரவிலும் பகலிலும் அந்த இரண்டு பேரை ஏற்பாடு செய்வது பெரும்பாலான குடும்பங்களால் முடியாத காரியம். ஒருவர் கைகொடுத்தால் எழுந்துவிடுவார் என்ற நிலை வந்தபின் வீடு நல்ல இடம். அதற்கு முன்னரே அழைத்துச் சென்றால், பராமரிப்பவரின் முதுகும் சேர்ந்து பழுதாகும்.

ஆகவே உண்மையான போட்டி, பெரிய மறுவாழ்வு மையத்துக்கும் சிறிய செவிலியர் இல்லத்துக்கும் இடையில்தான். உரிமம் இருக்கிறதா, தீத்தடுப்பு ஏற்பாடு உண்டா, உள்ளே நுழைந்ததும் சிறுநீர் வாடை அடிக்கிறதா, முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க அனுமதிக்கிறார்களா என்பவற்றையெல்லாம் யாரும் சொல்லாமலேயே பார்ப்பீர்கள். எங்கள் பட்டியலில் எஞ்சிய இரண்டு இடங்களுமே இவற்றில் தேறியவை.

பெரிய மையத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. இணைக் கம்பிகள், பயிற்சிக்கான படிக்கட்டு, குளிப்பதையும் உடுத்துவதையும் பழக்குவதற்கென்றே அமைத்த அறைகள் என அங்கிருந்த சிகிச்சைக் கூடம் எந்த மருத்துவமனைக்கும் குறைந்ததாக இல்லை. நடை, அன்றாடச் செயல்கள், பேச்சும் விழுங்குதலும் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிகிச்சையாளர்கள் இருந்தார்கள். சேர்க்கும் நாளிலேயே பார்தெல் அளவுகோலின்படி மதிப்பெண் குறிக்கிறார்கள். 1965இல் வெளியான இந்த அளவுகோல் சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, படியேறுவது உள்ளிட்ட 10 செயல்களுக்கு மொத்தம் 0 முதல் 100 வரை மதிப்பிடுவது. வாரந்தோறும் அந்த எண்ணைக் குடும்பத்தாருக்குக் காட்டுகிறார்கள். சிறிய இல்லத்தில் இருந்ததோ ஓர் அறை, ஒரு நடைக்கம்பி, வெளியிலிருந்து வந்துபோகும் ஒரு பிசியோதெரபிஸ்ட். அவர் பயன்படுத்திய அளவுகோலும் எளிமையானது: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பார். சிகிச்சையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் பெரிய மையமே வெல்லும்.

ஆனால் கணக்கை வாரம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தபோது படம் மாறியது. பெரிய மையம் நாளுக்கு ஒன்றரை மணி நேரமாக வாரத்தில் 6 நாட்கள், அதாவது 9 மணி நேரம் பயிற்சி தருவதாகச் சொன்னது. சிறிய இல்லத்தில் நாளுக்கு முக்கால் மணி நேரமாக 5 நாட்கள், ஆக நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. பெரிய மையத்திலேயே எஞ்சிய 159 மணி நேரமும் சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. உதவியாளரும் செவிலியரும்தான் இருக்கப்போகிறார்கள். கூடத்தில் கற்றதை அவர்கள் தொடர்கிறார்களா, அழித்துவிடுகிறார்களா என்பதுதான் என் பார்வையில் இந்தத் தேர்வின் மையப்புள்ளி. மற்ற எல்லாவற்றையும் இதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதிய உடல் படுக்கையில் இழக்கும் வேகம் அப்படிப்பட்டது. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் முழுப் படுக்கை ஓய்வில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இப்படியென்றால், எலும்பு முறிந்தவருக்கு என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மறுபுறம், ஒரு நாளில் ஆறேழு முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பது, நாலடி நடப்பது, திரும்பி உட்காருவது என்பது, பொறுமையான உதவியாளர் ஒருவர் அமைந்தால், கட்டணமில்லாத பயிற்சி வகுப்பாகிவிடுகிறது. அவருக்கு நேரமில்லையென்றால் டயப்பர் கட்டிவிடுவார். ஆறேழு பயிற்சிகளும் அன்றே போய்விடும், சில வாரங்களில் கழிப்பறையைக் கேட்கும் பழக்கமும் போய்விடும். அதைவிட வசதியாக, சிறுநீர் வடியச் செருகிய குழாயை (கதீட்டர்) அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்பது தொற்றுத் தடுப்புத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் அளவு. இன்ன காரணத்துக்காக, இன்ன தேதிவரை என்று எழுதப்படாத குழாயைக் கண்டால் கேள்வி கேட்க வேண்டும்.

படுக்கைப் புண்ணும் இதே கணக்கில்தான் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது நெடுநாள் வழக்கம் என்பது பலருக்கும் தெரியும். இடுப்பு முறிந்தவர்களுக்கு முதலில் புண் வரும் இடங்களில் ஒன்று குதிகால் என்பது அவ்வளவாகத் தெரியாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவைத்திருக்கிறார்களா என்பதை வேறொரு முதியவரின் கட்டிலருகே நின்றே கவனித்துவிடலாம். அதைப் போலவே, இடுப்பு மூட்டை மாற்றியவர்களுக்குச் சில அறுவை முறைகளில், தொடையை 90 பாகைக்கு மேல் மடக்கக்கூடாது, காலைக் குறுக்கே போடக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருக்கும். சிகிச்சையாளருக்கு அது மனப்பாடம். நள்ளிரவில் தாழ்வான கமோடு நாற்காலியில் உட்காரவைக்கும் புதிய உதவியாளருக்கு அதை யார் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி.

பெரிய மையத்தில் எங்களை யோசிக்கவைத்தது இதுதான். உதவியாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம் வழியாக வருபவர்கள்; வாரத்துக்கு வாரம் முகங்கள் மாறின. சிறிய இல்லத்திலோ, தளத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பல ஆண்டுகளாக அங்கேயே வேலை செய்பவர்கள். ஒரு முதியவருக்குக் கூடுமானவரை ஒரே உதவியாளரை ஒதுக்கினார்கள். இதன் பயன் பாசத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. முதியவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பத்தில் இரண்டு வகை உண்டு. கத்துவது, குழாயைப் பிடுங்குவது போன்ற வகையை யாரும் கவனித்துவிடுவார்கள். சத்தமில்லாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும் வகையை, அன்று முதன்முறையாக வேலைக்கு வந்தவர், அமைதியான பாட்டி என்று நினைத்துக் கடந்துவிடுவார். நேற்றைய நிலை தெரிந்தவர் மட்டுமே இன்றைக்கு ஏதோ சரியில்லை என்று செவிலியரை அழைப்பார். சிறுநீர்த் தொற்றோ, நீரிழப்போ, மலச்சிக்கலோ, புதிதாகச் சேர்த்த மாத்திரையோ காரணமாக இருப்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

இதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்று விளம்பரத்தில் சொல்லும் விகிதம் உதவாது. அதில் அலுவலகத்தாரும் சமையலறைக்காரரும் பகல்நேரப் பணியாளரும் கலந்திருப்பார்கள். இன்றிரவு இந்தத் தளத்தில் எத்தனை முதியவர்கள், அவர்களுக்கு எத்தனை உதவியாளர்கள், எத்தனை செவிலியர்கள் என்று கேட்க வேண்டும். பெயரோடு கூடிய பணி அட்டவணையைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. இங்கே ஓராண்டுக்கு மேல் இருப்பவர்கள் யார் என்று மேலாளரிடம் கேட்பதைவிட உதவியாளரிடமே கேட்கலாம். இரவு உணவு முடிந்து படுக்கவைக்கும் நேரத்திலோ, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலோ போய் வரவேற்பறையில் சற்று உட்கார்ந்தால், அழைப்பு மணி அடித்தபின் எவ்வளவு நேரம் கழித்து ஆள் எழுந்து போகிறார் என்பது தானாகத் தெரிந்துவிடும். காலையில் சுற்றிக்காட்டும்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு கேள்வியை இரண்டு இடங்களிலும் ஒரே சொற்களில் கேட்டோம்: இரவில் தூங்காமல் எழுந்து எழுந்து உட்காருபவரை என்ன செய்வீர்கள்? பெரிய மையத்தில், தேவைப்பட்டால் கொடுப்பதற்கு மருத்துவர் மாத்திரை எழுதிவைத்திருப்பார் என்றார்கள். சிறிய இல்லத்தின் மூத்த செவிலியர், முதலில் கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்று பார்ப்போம், பிறகு வலி இருக்கிறதா என்று கேட்போம், அதற்கும் பிறகு சற்று நேரம் நாற்காலியில் உட்காரவைப்போம் என்றார். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய்க்கான சில மருந்துகளைக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. தூக்க மாத்திரைகளோ விழும் அபாயத்தைக் கூட்டுபவை. பெரியம்மாவுக்கு ஏற்கெனவே லேசான மறதி இருந்ததால், இந்த ஒரு பதில் எங்களை வெகுவாகச் சாய்த்தது. ஒரே ஓர் ஊழியரின் பதிலை வைத்து நிறுவனத்தையே எடைபோட்டுவிட்டதாக யாராவது சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது.

சிறிய இல்லத்தின் குறைகளும் சிறியவை அல்ல. மருத்துவர் அங்கேயே தங்குவதில்லை. இரத்தப் பரிசோதனை வெளியே போய்த்தான் வர வேண்டும். விழுங்குதலைச் சோதிக்க ஆள் இல்லை. வார இறுதியில் பயிற்சியும் இல்லை. அந்த இரண்டு நாட்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதித்தரச் சொல்லி, அந்தத் தாளைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டோம். தூக்கி மாற்றும் இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. உடல் பருமனானவராக இருந்திருந்தால் அது ஒன்றே எங்கள் முடிவை மாற்றியிருக்கக்கூடும்.

செலவைப் பற்றி ஒன்று மட்டும். நாள் வாடகையை ஒப்பிடுவதில் பொருளில்லை. டயப்பர், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், கூடுதல் உதவியாளர், மருத்துவர் வருகை ஆகியவற்றில் எவை வாடகைக்குள் அடங்கும், எவை தனி என்று எழுத்தில் வாங்கிய பின்னரே இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இடையில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் படுக்கையை எத்தனை நாள் ஒதுக்கி வைத்திருப்பார்கள், அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்பார் என்ற நிலையில் போன பெரியம்மா, வாக்கரோடு தானாகக் கழிப்பறைக்குப் போய்வரும் நிலையில் வீடு திரும்பினார். பெரிய மையத்தில் விட்டிருந்தால் இதைவிட விரைவாகத் தேறியிருப்பாரா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஒருவரை வைத்து இரண்டு இடங்களையும் சோதிக்க முடியாது. படியேறும் பயிற்சி அவருக்குப் போதவில்லை என்பதையும், வீட்டுக்கு வந்தபின் அதைத் தனியாகத் தொடர வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குத் தெரிந்தது இடுப்பு முறிவு மட்டுமே. பக்கவாதம் வந்தவருக்கு இந்தத் தேர்வை நான் அப்படியே பரிந்துரைக்கமாட்டேன். அங்கே இழந்த செயல்திறன் மீள்வது முதல் மூன்று மாதங்களில்தான் மிக வேகமாக நடக்கிறது; பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் அதற்கெனப் பயின்ற சிகிச்சையாளர் கட்டாயம் வேண்டும்; உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு முதல் சில மாதங்களுக்குப் பெரிய மையத்தைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து தங்க வேண்டியிருந்தால் பிறகு சிறிய இல்லத்துக்கு மாற்றுவது பொருத்தமாக இருக்கலாம். அந்த மாற்றத்துக்கான விண்ணப்பத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் பெரிய மையத்தில் சேரும்போதே தொடங்கிவிடுவது நல்லது. நல்ல சிறிய இல்லங்களில் படுக்கை காலியாவதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.