பேபல்: பைத்தன் மென்பொருளோடு தமிழையும் சேர்த்து அனுப்ப

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் நெல் கொள்வனவு செய்யும் ஆலைக்குக் கணக்கு மென்பொருள் எழுதுபவர், தமிழும் சிங்களமும் இல்லாமல் அதைக் கையளிக்க முடியாது. அக்கரைப்பற்று விவசாயிக்குச் சிட்டை தமிழிலும், அம்பாறை நகர்ப் பக்கத்திலிருந்து வருபவருக்குச் சிங்களத்திலும் அச்சாக வேண்டும். அத்தகைய பணிக்கு நான் பயன்படுத்திவரும் பேபல் என்ற, பைத்தன் நிரல்மொழிக்கான இலவச நூலகத்தை (ஆயத்த நிரல்தொகுப்பை) இங்கே மதிப்பிடுகிறேன்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை இதில் குறைசொல்ல அதிகம் இல்லை. நிரலில் குறிக்கப்பட்ட வாக்கியங்களைத் திரட்டுவது, தமிழுக்குரிய பன்மை விதியோடு, மொழிபெயர்ப்பாளர் திருத்தும் உரைக் கோப்பான பிஓ கோப்பைத் தொடங்குவது, புதிய வாக்கியங்கள் வரும்போது பழைய மொழிபெயர்ப்பைக் காப்பாற்றிக்கொண்டு புதுப்பிப்பது, இறுதியில் அதை மென்பொருள் வாசிக்கும் எம்ஓ கோப்பாக மாற்றுவது ஆகிய நான்கையும் பேபலோடு வரும் பைபேபல் கட்டளை ஒழுங்காகச் செய்கிறது. அந்த எம்ஓ கோப்பை வாசிக்க பைத்தனுடனேயே வரும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கூறு போதுமானது. ஆகவே ஆலையின் கணினியில் பேபலை நிறுவ வேண்டியதே இல்லை. இணைய வசதி குறைந்த இடத்துக்குப் பென்டிரைவில் மென்பொருளைக் கொண்டுசெல்பவருக்கு இது பெரிய உதவி.

சிக்கல் பொதியாக்கத்தில், அதாவது மென்பொருளை நிறுவத்தக்க ஒரே கோப்பாகக் கட்டுவதில்தான் தொடங்குகிறது. எம்ஓ என்பது உருவாக்கப்படும் கோப்பு என்பதால், நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் தரும் பைத்தன் கிட்இக்னோர் (சேமிக்க வேண்டாத கோப்புகளின் பட்டியல்) மாதிரி அதை ஒதுக்கிவிடுகிறது. பொதி கட்டும் கருவியான ஹேச்லிங் அந்தப் பட்டியலை அப்படியே மதித்து, நிறுவுவதற்கான வீல் பொதியிலும் அதைச் சேர்ப்பதில்லை. அதன் ஆர்ட்டிஃபாக்ட்ஸ் என்ற அமைப்பில் எம்ஓ கோப்புகளை நாம் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். செட்டப்டூல்ஸ் என்ற வேறொரு பொதி கட்டும் கருவியைப் பயன்படுத்துவோர் அதன் பேக்கேஜ் டேட்டா என்ற அமைப்பில் எழுத வேண்டும். எம்ஓ கோப்புகள் உள்ள மொழிக் கோப்புறையும் நிரல் பொதிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், நம் கணினியில் மூலக் கோப்புறையிலிருந்து இயங்கும்போது தமிழ் தெரியும், ஆலையில் நிறுவியதும் ஆங்கிலம் மட்டுமே தெரியும். கெட்டெக்ஸ்டில் ஃபால்பேக் (மொழிபெயர்ப்பு கிடைக்காவிட்டால் மூல வாக்கியத்தையே காட்டும் வசதி) இயக்கப்பட்டிருந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதே மிகவும் கவலைக்குரியது. எனவே சோதனையில் ஃபால்பேக்கை நிறுத்திவையுங்கள். கோப்பு இல்லையென்றால் அப்போதே பிழை எழும். வீல் என்பது ஒரு ஸிப் கோப்புத்தான் என்பதால், அனுப்புமுன் திறந்து பார்த்துவிடுவதும் எளிது. நிரலில் மொழிக் கோப்புறையின் இடத்தை, பைத்தனுடன் வரும் இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் கூறு வழியாகக் கேட்பதே நம்பத்தக்க முறை.

எல்லாம் சரியாகச் சேர்ந்த பிறகும் சில வரிகள் ஆங்கிலத்திலேயே நின்றால், பெரும்பாலும் காரணம் ஃபஸி (உறுதியற்றது) என்ற குறி. நிகர எடைக்கான ஆங்கிலச் சொற்றொடர் ஏற்கெனவே இருக்க, மொத்த எடைக்கானதைப் புதிதாகச் சேர்த்தால், பேபல் பழைய தமிழையே ஊகமாக வைத்து இக்குறியை இடும். எம்ஓ ஆக்கும்போது அந்த வரியை விட்டுவிடும். சிலர் இதைத் தொல்லை என்கிறார்கள், நான் உடன்படமாட்டேன். விவசாயியின் சிட்டையில் நிகர எடையும் மொத்த எடையும் மாறி அச்சாவதைவிட, மொழிபெயர்ப்பாளர் பார்த்துக் குறியை நீக்கும்வரை அந்த வரி ஆங்கிலத்தில் இருப்பதே மேல்.