பழைய ரீப்ரீதர் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. ரீப்ரீதருக்கு, அதாவது விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் டைவிங் கருவிக்குக் கொடுத்தது 4,20,000 ரூபாய். நேற்று சாயங்காலம் வந்த பதிலைப் பார்த்த பிறகுதான் அந்தப் பணம் திரும்ப வராது என்று உறைத்தது. பழைய டைவிங் சாமான்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் ஒரு கடை. புகார் பதிவாகும் வரை பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், போடவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஆறு வருஷமாகத் தேங்காய்த்திட்டிலிருந்து படகேறி டைவ் போகிறேன். ஆழத்தில் அறுந்து கிடக்கும் வலைகளைப் படம் பிடிக்க வேண்டும், முடிந்தால் அறுத்து மேலே கொண்டுவர வேண்டும். ஆசை இவ்வளவுதான். 45 மீட்டரில் சாதாரண சிலிண்டர் போட்டால் ஒவ்வொரு மூச்சும் குமிழியாகப் போய்விடும். ரீப்ரீதரில் அப்படி இல்லை. விட்ட மூச்சு சோடா லைம் என்கிற சுண்ணாம்புக் குருணை வழியாகப் போய், கார்பன் டை ஆக்சைடு நீங்கி, உடம்பு எடுத்துக்கொண்ட அளவு ஆக்சிஜன் சேர்ந்து திரும்ப வாய்க்கே வரும். ஆக்சிஜன் அழுத்தம் 1.3 பாரில் நிலையாக நிற்பதால் உடம்பில் நைட்ரஜன் குறைவாக ஏறும், டெக்கோ நேரமும், அதாவது அந்த நைட்ரஜன் வெளியேற மேலே வரும் வழியில் நின்று காத்திருக்கிற நேரமும், குறையும். புதுசு ஒன்பது லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். சீட்டு எடுத்த பணம் 2,00,000, மனைவியின் ஆரத்தை அடகு வைத்தது 2,20,000. அப்படிச் சேர்ந்ததுதான் இந்த 4,20,000.

நான் ஏமாந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். பெட்டியைத் திறந்து, பனியன் துணியால் அளவு காட்டும் ஹேண்ட்செட் திரையைத் துடைத்து, என் பக்கம் திருப்பினார். ஆக்சிஜனை அளக்கும் மூன்று செல்லும் ஒன்றுபோல 0.21, 0.21, 0.21, சாதாரணக் காற்றுக்கு உரிய எண். அப்புறம் மவுத்பீஸைத் தன் வாயிலேயே வைத்து இரண்டு நிமிஷம் மூச்சு விட்டுக் காட்டினார். "தம்பி, என் புள்ளையையே இதுல இறக்குவேன். செல் மூணும் புதுசு. நீங்க யோசிக்கவே வேணாம்" என்றார். வயதானவர், புள்ளை மேல் வைத்துச் சொல்கிறார். நம்பிவிட்டேன். செல்லைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன்.

போன வாரம் பயிற்சி கொடுக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து கழற்றினார். செல்லில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். மூன்றிலும் அந்த இடம் மட்டும் பிளேடால் சுரண்டியிருந்தது. 0.21 என்பது காற்றில் கேலிபிரேஷன் செய்தால், அதாவது காற்றில் வைத்து அந்த எண்ணுக்குச் சரிசெய்தால், பாதி செத்த செல்லும் காட்டுகிற எண் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. பார்க்க வேண்டியது மில்லிவோல்ட், செல் தருகிற மின்னழுத்தம். காற்றில் 10 காட்டுகிற செல், சுத்த ஆக்சிஜனில் 47, 48 காட்ட வேண்டும். முதல் செல் காற்றில் 10.2 காட்டியது, ஆக்சிஜன் விட்டதும் 39இல் நின்றுவிட்டது. இரண்டாவது 7.1 காட்டியது, 34 வர வேண்டியது 26ஐத் தாண்டவில்லை. மூன்றாவது மட்டும் பரவாயில்லை.

"ஒண்ணாவது நல்லா இருக்கேண்ணே" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுதான்டா ஆபத்து" என்றார். கருவி பெரும்பான்மையைத்தான் நம்பும். கெட்ட செல் இரண்டும் ஆக்சிஜன் குறைவு என்று சேர்ந்து சொன்னால், நல்ல செல்லை ஒதுக்கிவிட்டு சோலினாய்டு வால்வு ஆக்சிஜனைத் திறந்துகொண்டே இருக்கும். அழுத்தம் 1.6ஐத் தாண்டினால் தண்ணீருக்குள் எந்த நேரமும் வலிப்பு வரலாம். வலிப்பு வந்தால் மவுத்பீஸ் வாயில் நிற்காது. டெக்கோ பாக்கி இருக்கும்போது கருவி கெட்டால், சூரிய வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்தாலும் நேராக மேலே வர முடியாது.

அத்தோடு முடியவில்லை. சோடா லைம் போடுகிற டப்பாவின் விளிம்பில் மயிரிழை விரிசல். பசை போட்டு, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் கீறினேன், பெயிண்ட் சுருளாக வந்தது. அந்த விரிசல் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு நீங்காத மூச்சு நேராக என் நெஞ்சுக்குள் வந்திருக்கும். மூச்சு இரைக்கிற இரைப்பில் மவுத்பீஸை எடுத்துவிட்டு அவசரத்துக்கு வைத்திருக்கும் பெயில்அவுட் சிலிண்டரைக் கவ்வக்கூட முடியாமல் போகும் என்றார் அண்ணன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

உடனே கடைக்கு போன் போட்டேன். பணம் கொடுக்கும் வரை நான் "தம்பி". அன்றைக்கு "சொல்லுங்க சார்". புதுச்சேரி கடற்காற்று ஈரம் சார், வெயிலில் வையுங்கள் என்றார். மறுநாள், செல்லெல்லாம் தேய்மானப் பொருள், அதற்கு கேரண்டி கிடையாது என்றார். புதுசு என்று சொன்னீர்களே என்றால், "நான் நல்ல செல்லுன்னுதான் சொன்னேன்." டப்பா விரிசலைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூன்று நாள் கழித்து வேறு ஒரு பையன் போனை எடுத்து, முதலாளி ஊரில் இல்லை, பில் நம்பர் சொல்லுங்கள் என்றான். பில்லா? அப்புறம் அனுப்புகிறேன் என்று சொல்லி இன்றுவரை அனுப்பவில்லை. பஸ் பிடித்து நேரில் போனேன். நான் தெருவில் நுழையும்போதே ஷட்டர் பாதி இறங்கியது.

நேற்று வந்த செய்தி இதுதான்: "வேணும்னா 60,000க்கு எடுத்துக்கறோம்." 4,20,000க்கு விற்ற பொருளை!

இதற்கு மேல் விவரமாக எழுத மனசு இல்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 0.21ஐப் பார்த்து நம்பாதீர்கள், ஆக்சிஜன் விட்டு மில்லிவோல்ட் காட்டச் சொல்லுங்கள். செல்லில் தேதி இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். டப்பா, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம், சிலிண்டரின் ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தச் சோதனை) முத்திரை மூன்றையும் கையில் வாங்கிப் பாருங்கள். அந்த மாடலில் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் போகாதீர்கள். பில் கைக்கு வராமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, அங்கேதான் போகப் போகிறேன்.

60,000க்குக் கொடுத்துவிடு, வந்தவரை லாபம் என்று வீட்டில் சொல்கிறார்கள். கொடுக்க மாட்டேன். அந்த விரிசலுக்கு இன்னொரு தரம் பெயிண்ட் அடித்து, கடலூரிலோ தூத்துக்குடியிலோ இன்னொரு பையனை டீ கொடுத்து உட்காரவைப்பார்கள். ஆணையம் கேட்டால் ஒப்படைப்பேன். அதுவரை பெட்டி என் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும்.