ரெய்னி ஆஸ்பத்திரி, பழைய வண்ணாரப்பேட்டை: பிரசவத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பெயருக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. கிறிஸ்டினா ரெய்னி என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியின் பெயர் அது. ஆஸ்பத்திரியை உருவாக்கியவர் டாக்டர் மெட்டில்டா மக்பெயில். 1888-ல் மெட்ராஸ் வந்து, ராயபுரத்தில் பெண்களுக்காகச் சின்னதாக ஒரு மருந்தகம் தொடங்கினார். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டப் பெண்கள் கூசிய காலம் அது; வீட்டில் பிரசவம் சிக்கலானால் போக இடமில்லாதவர்கள் ஏராளம். 1914-ல் அந்த மருந்தகம் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. முதல் உலகப் போர்ச் சேவைக்குப் போன காலம் போக, 1928 வரை அந்த அம்மாவின் உழைப்பு இந்த மண்ணுக்குத்தான்.

இப்போது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நிர்வாகத்தில் பல பிரிவுகளோடு ஜி.ஏ. ரோட்டில் நடக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரிதான், ஆனால் இலவசம் இல்லை. காசு இல்லாத நிலையில் தயங்காமல் 1880-லிருந்து இருக்கிற ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகலாம், ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது என்பதால் சிக்கலான பிரசவத்துக்கும் அதுவே பலம். வழக்கமான செக்கப், சாதாரணப் பிரசவம் என்றால் ரெய்னியைத் தாராளமாகச் சொல்லலாம். நாலு தலைமுறைப் பழக்கம் வீண்போகவில்லை.

எங்கே செக்கப் போனாலும் சர்க்கரை டெஸ்டில்தான் அதிகம் சொதப்புகிறது. 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கலக்கித் தருவார்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று பார்ப்பார்கள். குமட்டுகிறதே என்று சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் குடித்தால் கணக்கே மாறிவிடும். நடுவில் டீ, பிஸ்கட் கூடாது. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள், இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். குடித்த நேரத்தை நீங்களே செல்போனில் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஆர்.சி.எச். எண், அதாவது கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண். தனியார், மிஷன் எங்கே பிரசவம் பார்த்தாலும் தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய அந்த 12 இலக்க எண் வேண்டும். ஆரம்பத்திலிருந்தே தனியாரில் காட்டுகிறவர்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள்; குழந்தை பிறந்த பிறகுதான் ஓட்டம். மாசமானது உறுதியானவுடன், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆதாரோடு போய்ப் பதிந்து, எண்ணை செக்கப் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியை (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய்) எதிர்பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முழுதாகக் கிடைக்க அரசு மருத்துவமனையில் பிரசவம் நடக்க வேண்டும். ரெய்னியா, ஆர்.எஸ்.ஆர்.எம்.மா என்பதை இதையும் வைத்தே முடிவு செய்யுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் பிறப்பு விவரத் தாளில் அப்பா, அம்மா பெயரை எழுத்து எழுத்தாக ஆதாரோடு ஒப்பிடுங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போனால் இன்ஷியல் இடம் மாறும், ‘ழ’ ‘ல’ ஆகும். பின்னால் திருத்த மாநகராட்சி அலுவலகத்துக்கு அலைய வேண்டும். 21 நாளுக்குள் பதிவு இலவசம். குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், சான்றிதழை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.