பைபாஸ் மெத்தியோனின் - லைசின்: இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தேன்

எங்களிடம் நான்கு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடுகள். மக்காச்சோள மாவு, தவிடு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, பசுந்தீவனத்துக்குக் கோ-4 புல். பால் அளவு நன்றாக இருந்தும் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு போக மீதித் திடப்பொருள் சதவீதம்) 8.1-ஐத் தாண்டாமல் காசு குறைந்துகொண்டே வந்ததால் மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் (புரதம் உருவாகத் தேவையானவை) சேர்ந்த இந்தப் பாக்கெட்டை வாங்கினேன்.

கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள், விரலில் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுவழுப்பு. அந்தக் கொழுப்புப் பூச்சுதான் விஷயமே. வெறும் மெத்தியோனினைக் கொடுத்தால் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், பூச்சு இருந்தால்தான் அது தப்பித்துக் குடலுக்குப் போய் பால் புரதத்துக்கு உதவும். மக்காச்சோளத்தில் லைசின் கம்மி, அதனால் இரண்டும் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் வாரம் சூடான கஞ்சியில் கலந்துவிட்டேன், பூச்சு உருகி மேலே எண்ணெய்ப் படலமாக மிதந்தது, அத்தனையும் வீண். அப்புறம் ஆறிய தீவனத்தில் கடைசியாகத் தூவிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் 8.4 வந்தது. பால் அளவில் பெரிய மாற்றம் இல்லை. கன்று ஈன்று இரண்டு மாதத்துக்குள் இருந்த மாடுகளில்தான் பலன் தெரிந்தது, கறவை வற்றப்போகும் மாட்டுக்குத் தண்டச்செலவு.

எனக்குக் கோபம் என்னவென்றால், உள்ளே அமினோ அமிலம் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் எங்கேயும் போடவில்லை. இந்த விலைக்கு அதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி? அடுத்த முறை அளவு அச்சிட்ட கம்பெனியாகத்தான் எடுப்பேன், அதுவும் புதிதாக ஈன்ற இரண்டு மாட்டுக்கு மட்டும்.