ஆடியில் மாற்றிய கணினிகள்: எங்கள் பலகாரக் கடையின் ஓராண்டு அனுபவம்

காரைக்குடியில் நாங்கள் நடத்தும் பலகாரக் கடையில் ஐந்து கணினிகள் உள்ளன. இரண்டில் பில் போடுகிறோம், ஒன்று எடைத் தராசோடு இணைந்தது, ஒன்று வெளியூர்ப் பார்சல்களுக்கு, மற்றொன்று கணக்குப்பிள்ளையின் மேசையில் இருக்கிறது. இவை ஓடிய விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்று நெடுநாள் முன்பே தெரிந்திருந்தும், அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20 என்பதை நாட்காட்டியில் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. மணகோலமும் சீப்புச் சீடையும் அதிரசமும் பெட்டி பெட்டியாகச் சென்னைக்குப் போகும் அந்த வாரத்தில் பில் போடும் கணினியைத் தொடுவது நடக்கிற காரியமில்லை. கல்யாண ஆர்டர் இல்லாத ஆடியில், சீர்ப் பலகார வேலை ஓய்ந்ததும் விண்டோஸ் 11-க்கு மாறத் தொடங்கினோம்.

“நன்றாகத்தானே ஓடுகிறது, தம்பி, எதற்கு வீண் செலவு?” என்றார் கணக்குப்பிள்ளை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, ஏனெனில் அந்தத் தேதியில் எந்தக் கணினியும் நின்றுவிடப் போவதில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டுமே நிற்கும். ஆனால் 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்னும் தீநிரல் பரவியபோது, அதைத் தடுக்கும் புதுப்பிப்பு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் அதைப் போடாத கணினிகள்தாம் பெரிதும் அடிபட்டன என்பதையும், அவருடைய கணினியில்தான் ஜிஎஸ்டி தாக்கலும் வங்கி வரவு செலவும் நடக்கின்றன என்பதையும் சொன்னபின் அவர் மறுக்கவில்லை.

ஐந்தையும் புதிதாக வாங்கச் சொல்லி ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியல் கொடுத்தார். 2016-இல் வாங்கிய மூன்றுக்கு அது பொருந்தும். விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த மையச் சிப்பை ஏற்பதில்லை, எங்களுடையவை ஆறாம் தலைமுறை. 2020-இல் வாங்கிய மற்ற இரண்டும் தகுதியற்றவை என்று காட்டியதற்குக் காரணம் வேறு: டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கியதும் இரண்டும் செலவில்லாமல் மாறிவிட்டன. இதை அந்த விற்பனையாளர் சொல்லவே இல்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பழைய மூன்றுக்கும் மைக்ரோசாஃப்டுக்குக் கட்டணம் கட்டி விண்டோஸ் 10-இன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டிக்கலாமா என்றும் கணக்குப் போட்டேன். நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. ஆக 427 டாலர் கட்டியும் கையில் இருக்கப்போவது பன்னிரண்டு ஆண்டுப் பழைய பெட்டிதான். புதிதாகவே வாங்கினோம்.

எங்களை உண்மையில் திணற வைத்தது எடைத் தராசு. தட்டில் ஒரு கிலோ கைமுறுக்கை வைத்தால் தராசின் முகப்பில் எடை தெரிகிறது, பில்லில் சுழியம் விழுகிறது. தராசின் சீரியல் வயரை யுஎஸ்பியாக மாற்றும் இணைப்பானுக்குள் இருந்த பழைய சிப்புக்கு விண்டோஸ் 11-இல் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், கிடையாது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. அதுவரை எடையைக் கையால் தட்டச்சு செய்தோம். புதிய இணைப்பான் வந்து, போர்ட் எண்ணைப் பழையபடி அமைத்ததும் சரியானது. புதுக் கணினிக்கு விலை கேட்கும் முன் அதில் செருகியிருக்கும் வயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்த ஓராண்டில் அன்றாட வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. காலையில் கடை திறந்து விளக்கேற்றி முடிப்பதற்குள் பில் திரை தயாராக இருக்கிறது. அந்த வேகம் விண்டோஸ் 11-ஆல் வந்ததன்று, புதுக் கணினிகளில் உள்ள எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தால் வந்தது என்றே நினைக்கிறேன். தீபாவளி வாரம் தடங்கலின்றிக் கடந்தது.

தை மாதத்தில்தான் ஒரு காலை பயம் காட்டியது. பயாஸைப் புதுப்பித்த மறுநாள் பார்சல் கணினி நீலத் திரையில் நின்று, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. வட்டில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் மறைகுறியாக்கம் தானாகவே இயங்கியிருந்ததை நாங்கள் அறியவில்லை. கணினியை அமைத்தபோது என் அக்காள் மகன் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்ததால் சாவி அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. கோயம்புத்தூரில் வகுப்பிலிருந்த அவன் பதினோரு மணிக்குத் திருப்பி அழைக்கும்வரை பார்சல் ஒன்றுகூட நகரவில்லை. அன்று மாலையே மூன்று புதுக் கணினிகளின் சாவிகளையும் எடுத்துக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை தம் பேரேட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, சிவப்பு மையால் எழுதி வைத்துக்கொண்டார்.